பிரியவும் தெரிந்த பசை

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் சிவகிரியைத் தாண்டியதும் வருகிறது வாசுதேவநல்லூர். அங்குள்ள சிந்தாமணிநாதர் கோயிலில் சுவாமி தனி, அம்பாள் தனி என்றில்லை. இருவரும் அர்த்தநாரீஸ்வரராக ஒரே திருமேனி. தலமரம் புளி. சிவனை மட்டுமே வலம் வருவேன் என்று அடம்பிடித்த பிருங்கி முனிவரின் கதை இந்தத் திருக்கோலத்தோடு சேர்ந்தே சொல்லப்படுவது. இருவரும் ஓருடலான பிறகும் முனிவர் வண்டாக மாறி நடுவே துளைத்துக்கொண்டு போகப் பார்த்தார். தாயின் பங்கான சதையும் இரத்தமும் அவரை விட்டுப் போயின. எலும்பும் தோலுமாக நிற்கக்கூட முடியாமல் மூன்றாவது கால் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

பிரிக்கக் கூடாததைப் பிரிக்கப் போன கதை அது. ஆனால் பிரிந்தே ஆக வேண்டிய ஒட்டுதலும் உண்டு என்பது சைவத்தின் கட்சி. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு என்று மூன்றை வைத்து, உயிர் பாசத்திலிருந்து எப்படி விடுபடுகிறது என்பதைத்தான் 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரும் அடுத்த நூற்றாண்டின் உமாபதி சிவமும் வாழ்நாளெல்லாம் யோசித்தார்கள். பிடி எப்போது தளரும்? தளர்த்துவது யார்?

இதே கேள்வியை இன்று பசை செய்யும் வேதியியலாளர்கள் வேறு காரணத்துக்காகக் கேட்கிறார்கள். உயிர் போனாலும் விடாத பசையைத் தேடிய காலம் மாறி, சொன்னால் விடுகிற பசைக்கு இப்போது கிராக்கி. செல்போனுக்குள் பேட்டரியை ஒட்டிவிட்டால், அது ஓய்ந்த பிறகு கழற்றுவது பெரும்பாடு. பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது.

வெப்பத்தால் விடும் பசைகளில் ஒரு வகை, ஃபுரான், மேலிமைடு என்ற இரு மூலக்கூறுகள் கைகோத்து உண்டாவது. சூடேற்றினால் கோத்த கை விலகும். ஆறினால் மறுபடி சேரும். ஜப்பானின் நிட்டோ டென்கோ நிறுவனம் விற்கும் ரிவால்ஃபா டேப்பில் வேறு உத்தி. குறித்த சூட்டில் பசை உள்ளிருந்தே நுரைத்துப் பொங்குகிறது. பரப்பைத் தொடும் இடம் குறைந்து, ஒட்டிய பொருள் தானாக உதிர்கிறது.

ஒளியால் விடும் பசைதான் இன்னும் விசித்திரம். சிப் தொழிற்சாலையில் சிலிக்கான் வில்லையை ஒரு டேப்பில் ஒட்டித்தான் துண்டு போடுவார்கள். அறுக்கும்போது ஒரு துண்டும் நகரக் கூடாது. அறுத்த பிறகு ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டேப்பின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் பிடி விட்டுவிடும். ஒளி பசையைக் கரைத்துவிடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். ஒளி பட்டதும் பசைக்குள் புதுப் பிணைப்புகள் கூடுகின்றன. குழைவாக இருந்தது இறுகிச் சுருங்குகிறது. இறுகியதாலேயே பிடிக்கும் திறனை இழக்கிறது. கட்டைக் கூட்டிக் கட்டை அவிழ்க்கும் வேலை.

சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆணவம் என்ற முதல் கட்டின் இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் உடலையும் கருவிகளையும் உலகத்தையும் மாயையிலிருந்து ஆக்கித் தருகிறான். அவையும் கட்டுகள்தான். ஆனாலும் முதல் கட்டு தளர இந்த இரண்டாவது கட்டு தேவைப்படுகிறது. உள்ளே அந்த ஆணவ மலம் பக்குவப்பட வேண்டும், வெளியிலிருந்து அருள் பதிய வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது பலிக்காது. சூரியகாந்தக் கல்லைப் பஞ்சு சூழ்ந்திருந்தாலும் கல் தானாக அதைச் சுடாது, சூரியன் எதிரே வந்தால்தான் சுடும் என்று திருமூலர் சொன்ன உவமை ஒளியால் திறக்கும் பூட்டைப் பற்றியதே. முத்தி நிலையிலும் பாசம் இல்லாமல் போய்விடுவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது என்று சித்தாந்திகள் வாதாடியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். டேப்பிலும் பசை அப்படியே இருக்கிறது, போனது பிடி.

தத்துவத்தை விடுங்கள். கருவறையிலேயே இப்படி ஒரு பசை உண்டு. மூர்த்தியைப் பீடத்தோடு சேர்க்கும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுச் சரக்கு. அரக்கும் குங்கிலியமும் மெழுகும் சூட்டில் இளகுபவை. இடிக்க இடிக்க மருந்து இளகிவரும். இளக்கத்தோடு இருக்கும்போதே சாத்திவிட வேண்டும். பிறகு இறுகிவிடும். வருஷங்கள் போகப் போக வெடிப்பு விடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தோடு மருந்து புதுப்பிப்பதும் சேர்ந்தே வருகிறது. அதற்கு முன் பாலாலயம் செய்து இறைவனின் ஆற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். பழைய மருந்தைச் சுரண்டி எடுக்கும்போது சாமி போய்விட்டதாக யாரும் பதறுவதில்லை. ஆகமம் வகுத்தவர்கள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிரந்தரத்தைத் தேடவில்லை. புதுப்பிக்கத் தக்க பிடியே போதும் என்று விட்டார்கள். அவர்களுக்கு வேதியியல் முன்பே தெரியும் என்று மார்தட்ட இது இடமில்லை. பழுது பார்க்க வேண்டிவரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இருந்தாலும் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. டேப்பைச் செய்தவர் பிரியும் வழியையும் சேர்த்தே செய்தார். விளக்கைப் போடும் விசை அவர் கையில். ஆணவமோ யாரும் செய்ததல்ல, அது அநாதி என்பது சித்தாந்தம். அருளைப் பதியவைக்கும் நேரத்தையும் உயிர் குறிக்க முடியாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் பக்குவத்துக்கு உழைக்கத்தான் முடியும். வேண்டும்போது விடுதலை என்பது தொழிற்சாலைக்குச் சரி. மெய்கண்டார் வழியில் அதற்கு இடமில்லை.