தண்ணீர் யாருடைய வேலை?

போன வருடம் பாட்டி பத்து நாள் அரசாங்க மருத்துவமனையில் இருந்தார். ஒரு மதியம் தண்ணீர் கேட்டிருக்கிறார். பிரஷர் பார்க்க வந்த தாதி, "இருங்க பாட்டி" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மருந்து கொடுக்க வந்தவர், குடிக்கலாமா என்று ஃபைலைப் பார்க்கணும் என்றார். படுக்கை விரிப்பு மாற்ற வந்தவர், மிஸ்ஸியிடம் கேளுங்கள் என்றார். நான் போனபோது பாட்டியின் உதடு வெடித்திருந்தது. கோபத்தில், முதல் தாதியின் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன்.

அக்காவும் தாதிதான், வேறோர் ஊரில். "அவங்க கையில முப்பது பேரோட பிரஷர் இருந்திருக்கும்டா. பாட்டி யார் கையிலயும் இல்ல," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பினாங்குத் தொழிற்சாலையில் நான் செய்வதும் இதைத்தான். ஒரு வேலையைத் துண்டு போட்டு, ஆளுக்கு இத்தனை விநாடி என்று பங்கிடுவது. சர்க்யூட் போர்டுக்குத் தாகம் எடுக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வார்டு வேலையைத் துண்டு போடுவது வேகத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ், 1960இல் வெளிவந்த கட்டுரையில் வேறொன்று சொன்னார். வலியையும் சாவையும் தினமும் பார்க்கும் தாதியர் எந்த நோயாளியோடும் ஒட்டிவிடாதபடி காக்கும் ஏற்பாடு அது. ஆனால் பதற்றம் குறையவில்லை. வேலையில் கிடைக்க வேண்டிய திருப்திதான் போனது. பயிற்சித் தாதியர் பலர் பாதியில் விலகினர். 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மேரி மேந்தியும் சக தாதியரும் இதைத் திருப்பிப் போட்டார்கள்: ஒரு நோயாளி வந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை அவரது பராமரிப்புக்கு ஒரு தாதியே பொறுப்பு.

அப்படியென்றால் அந்தத் தாதிமேல் தப்பே இல்லையா? இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அதே வார்டில், அதே பட்டியலின்கீழ், இரவு ஷிப்டில் வந்த ஒருவர் கேட்காமலேயே பஞ்சை நனைத்துப் பாட்டியின் உதட்டில் ஒற்றினார். எல்லாம் அமைப்பின் குற்றம் என்றால் இவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? ஆனால் பகலில் அந்த இரண்டு நிமிடத்துக்கு ரவுண்டு தாமதமாகும், திட்டு விழும். இரக்கத்துக்கு அந்த விலையை வைத்தவர் தாதி இல்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "ரொம்ப யோசிக்காத லா. நானா இருந்தாலும் தண்ணி குடுத்திருக்கலாம்தான்," என்றாள்.

புகார் படிவத்தில் ஊழியர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. வேலையைப் பங்கிட்டவருக்கு இல்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அறிவுரை வழங்கப்பட்டதாம். அக்காவிடம் அதை இன்னும் காட்டவில்லை.