வந்தாரும் இருந்தாரும்

"ஜனத்தொகை பெருகிவிட்டது, எங்கிருந்தோ வந்து குடியேறுகிறார்கள், அதனால்தான் தண்ணீருக்கும் வீட்டுக்கும் இவ்வளவு தட்டுப்பாடு" என்ற முணுமுணுப்பை எங்கும் கேட்கிறோம். இது நியாயமான பேச்சா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2001 முதல் 2011 வரை தமிழ்நாட்டின் ஜனத்தொகை நூற்றுக்கு 15.6 கூடிற்று. அன்று சென்னையின் புறநகர்களையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலோ சுமார் 39 கூடிற்று. அதே பத்தாண்டில் நீலகிரியில் ஜனத்தொகை குறைந்தே போயிற்று. நம் பக்கத்துத் தாய்மார் மட்டும் அதிகப் பிள்ளைகளைப் பெற்றனரோ? இல்லை. 2019-21-ல் எடுத்த குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகளே. தேயிலை விலை சரிந்தபோது மலையிலிருந்து பலர் பிழைப்புத் தேடி இறங்கினர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் எழுந்தன. கூலி இருந்த இடத்திற்கு ஜனங்கள் வந்தனர். 2008-ல் கோசி நதி கரையை உடைத்துக்கொண்டு பீகாரின் வயல்களை மணலால் மூடியது. அப்படி நிலத்தை இழந்தவன் ஆசைக்காகவா ஊரை விட்டுப் புறப்படுகிறான்?

நம் காஞ்சியும் வந்தோரால் வளர்ந்த ஊரே. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நெசவாளரில் பலருடைய முன்னோர் விஜயநகர அரசர் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பர். ஏனாத்தூரில் 1993-ல் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின், வெளியூர் மாணாக்கர் வராத ஆண்டு உண்டா?

வேதாகமத்திலும் இத்தகைய நெருக்கடி உண்டு. ஆபிரகாமுக்கும் லோத்துக்கும் மந்தைகள் பெருகின, நிலம் இருவரையும் தாங்கவில்லை, மேய்ப்பர்கள் சண்டையிட்டனர். மூத்தவர் ஆபிரகாம். முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை அவருடையது. அவரோ அதை இளையவனுக்கு விட்டுக்கொடுத்தார். லோத்து நீர்வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். சர்வேசுரன் ஆபிரகாமைக் கைவிடவில்லை.

நெருக்கடி பொய் என்று சொல்லவில்லை. பாலாற்றில் மணல் அள்ளியதாலும் ஏரிகளைத் தூர்த்ததாலும் நிலத்தடி நீர் இறங்கிற்று. ஆனால் இதைச் செய்தவன் ஒரே அறையில் பலரோடு படுத்துறங்கும் வடநாட்டுக் கூலியாள் அல்லன். அவனுடைய உழைப்பின் பலனை நாம் அனுபவிக்கிறோம். அவனுடைய தாகத்தை மட்டும் குற்றமாக எண்ணுவது நீதியாகுமா?

1952-ல் பரிசுத்த பிதா 12-ம் பத்திநாதர், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே நாடு பெயர்ந்து வாழும் குடும்பங்கள் எல்லாவற்றிற்கும் மாதிரியாக வைத்தார். ஆதலால் வீடு வாடகைக்கு விடுவோர் நியாயமான வாடகையை வாங்கட்டும். ஏரியையும் குளத்தையும் காப்பதைப் புண்ணியமாக எண்ணுவோம். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்கும் ஒரிசா வாலிபனிடம் பெயரையாவது கேட்போம்.

அந்நிய தேசத்தில் இடம் தேடிய அர்ச். சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.