கப்பலின் இரண்டாம் தொழில்

கற்ற தொழில் கைநழுவிய பின் வேறு தொழிலை ஏற்பவர் தாழ்ந்துபோகிறாரா? பிழைப்பு நாடி மட்டாஞ்சேரியில் குடியேறிய நம்மவருள் இவ்வினா எழாத இல்லங்கள் சிலவே. ஊரில் உழவராய் இருந்தவர் இங்கே கணக்கெழுதினார். நெசவறிந்தவர் மூட்டை சுமந்தார். விடை தேடும் நமக்கு ஒரு கப்பலின் வரலாறு துணைசெய்யும்.

‘பிரான்சு’ என்னும் அக்கப்பல் 1960இல் கடலில் இறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 316 மீட்டர். 1962 முதல் அட்லாண்டிக் மாகடலை ஐந்து நாட்களில் கடந்து மக்களை நியூயார்க்கில் சேர்ப்பது அதன் தொழில். அதே தொலைவை வானூர்தி சில மணி நேரத்தில் கடந்தது. எண்ணெய் விலையும் ஏறிற்று. 1974இல் கப்பல் ஓய்ந்தது. 1979இல் நார்வே நாட்டு நிறுவனமொன்று அதனை வாங்கியது. 1980இல் ‘நார்வே’ என்ற புதுப்பெயருடன் கரிபியன் கடலில் உல்லாசப் பயணிகளைச் சுமக்கத் தொடங்கிற்று. உலாவுவோர்க்கு விரைவு எதற்கு? நீரைத் தள்ளும் நான்கு விசிறிகளுள் இரண்டை அகற்றினர். ஓர் இயந்திர அறையையும் மூடினர்.

பாதி வலிமை இழந்ததே என இரங்குவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். முதல் தொழிலில் அது உழைத்தது 12 ஆண்டுகள். இரண்டாம் தொழிலிலோ 23 ஆண்டுகள். உயர்வு, தாழ்வு என்பவை மேல்தளத்துப் பேச்சு. கீழே கொதிகலன் அருகில் நிற்பவனுக்குப் பெயர் மாறினாலும் வெப்பம் மாறுவதில்லை. 2003 மே 25 அன்று மயாமித் துறைமுகத்தில் அக்கொதிகலன் வெடித்தது. பணியாளர் 8 பேர் மாண்டனர். பயணிகளின் உல்லாசத்துக்கு அவர்கள் தந்த விலை உயிர். 2006இல் குஜராத்தின் அலங் கடற்கரையை அடைந்த கப்பல், 2007இல் உச்ச நீதிமன்றம் இசைந்த பின் உடைக்கப்பட்டது. கல்நார் பொதிந்த அவ்வுடலைப் பிரித்தவை ஏழைத் தொழிலாளரின் கைகள்.

நமது மட்டாஞ்சேரியும் தொழில் மாறிய ஊரே. மிளகும் சுக்கும் மணந்த பண்டகசாலைகள் பல இன்று கலைப்பொருட் கடைகளாகவும் உணவகங்களாகவும் விளங்குகின்றன. வில்லிங்டன் தீவில் உல்லாசக் கப்பல் அணையும் நாட்களில் பயணிகள் இத்தெருக்களுக்கு வருகின்றனர். ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் நம் தமிழர் துணி வெளுப்பதையும் படம் பிடிக்கின்றனர். அவர்களுக்கு அது காட்சி. வெளுப்பவர்க்கு அது சோறு.

தொழில் மாறுவதில் இழிவில்லை. உழைப்பவரைக் காணாமல் அவர் தரும் இன்பத்தை மட்டும் நுகர்வதே இழிவு. அந்தக் குருட்டுத்தன்மை வெளியூர்ப் பயணிக்கு மட்டும் உரியதன்று. தந்தையின் தொழில் யாதென வினவினால் சொல்லக் கூசும் பிள்ளையின் உள்ளத்திலும் அது குடியேறியுள்ளது. அவனும் மேல்தளத்தில் நின்றே பேசுகிறான். கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியை அவனுக்குக் காட்டுவது பெற்றோராகிய நம் கடமை.