காட்டிக் கொடுத்தவன் யார்?

“எட்டப்பன்!”

சென்ற ஆண்டு, ஒரு நண்பகல் வேளையில், என் வகுப்பு மாணவன் ஒருவன் மற்றொருவன் முகத்தில் வீசிய சொல் அது. சொல் பட்டவன் தலைகுனிந்தான். அவன் செய்த குற்றம் என்ன? தன் தெருப் பையன் ஒருவன் புத்தகப் பையிலே கத்தி ஒளித்துக் கொணர்ந்ததை என்னிடம் கூறிவிட்டான். அவ்வளவே! கத்தி கொணர்ந்தவன் வீரனாம். குருதி சிந்தாமல் தடுத்தவன் துரோகியாம்!

தோழர்களே, இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிட என்னால் இயலவில்லை. வள்ளியூருக்குப் பக்கத்து ஊர் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர், சாதி வெறியால். எத்தனை பிள்ளைகளுக்கு அது முன்னரே தெரிந்திருந்ததோ, யாரறிவார்? தெரிந்திருந்தும் வாய் திறவாதவன் இருந்திருந்தால், அவன் தன் கூட்டத்தாரின் கண்ணுக்கு உத்தமன் அன்றோ!

கூட்டத்துக்கு உண்மையாக இருப்பது தன்னளவிலேயே அறமாகுமா? இந்தக் கேள்வி எனக்குப் புதிது. ஆனால் நெல்லைச் சீமைக்குப் பழையது.

1749-இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகம்மது அலி ஒருபுறம், சந்தா சாகிபு மறுபுறம். ஒருவருக்குப் பின்னால் ஆங்கிலேயர், மற்றவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர். அரியணைக்காக நடந்த அந்த உள்நாட்டுப் போரின் தீ தாமிரவருணிக் கரையையும் பற்றிற்று. இங்கே பாளையங்கள் ஏற்கெனவே இரு கட்சிகள். மேற்குப் பாளையங்களுக்கு நெற்கட்டும்செவல் பூலித்தேவர் தலைவர். கிழக்குப் பாளையங்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சியார் தலைவர். வரி கேட்டு வந்த நவாபின் படையை மேற்கு எதிர்த்தது; கிழக்கோ அதே படையின் பக்கம் நின்று மேற்கைத் தாக்கிய காலமும் உண்டு!

அந்தக் களத்திலே எழுந்தவர்தான் கம்மந்தான் கான்சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப்கான். இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்து, இசுலாம் தழுவி, கும்பெனியின் சிப்பாய்ப் படையிலே உயர்ந்தவர். 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவர் அவரே. அதுவரை கும்பெனிக்கு அவர் ‘விசுவாசி’. மதுரையையும் நெல்லையையும் ஆளத் தொடங்கி, நவாபுக்கு அடங்க மறுத்தபோது அதே கும்பெனிக்கு ‘துரோகி’. முற்றுகைக்குள்ளான மதுரைக் கோட்டையில், தம்முடன் இருந்தவர்களாலேயே பிடித்துக் கட்டப்பட்டு, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலே தொங்கினார். ஒரே மனிதர், ஒரே வாள்! பூலித்தேவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் யார்? தூக்குமரத்தடியில் நின்று பார்த்தால் யார்?

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். எட்டையபுரத்தார் கும்பெனிக்குத் துணை நின்றனர்; பரிசாக நிலமும் பெற்றனர். ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான்! அவர் பெயரைச் சொல்லி எந்தப் பள்ளியிலும் எவனும் எவனையும் திட்டுவதாகத் தெரியவில்லை. வசைக்கும் அதிர்ஷ்டம் வேண்டும் போலும்.

கட்டபொம்மன் வீரத்தைக் குறைத்துப் பேசுகிறாயா என்று சீறாதீர்கள். அந்த வீரம் வீரமே. எட்டையபுரத்தாரை மன்னிக்கச் சொல்லவும் நான் வரவில்லை; அயலான் பீரங்கிக்குத் துணைபோய் அண்டை வீட்டை அழித்து ஆதாயம் தேடியது இழிசெயலே. நான் கேட்பது வேறு. எல்லைத் தகராற்றிலே நெடுநாள் மோதிக்கொண்ட அவ்விரு பாளையங்களுக்கும் பொதுவான நாடு என்று ஒன்று இருந்ததா? அவனவன் பாளையமே அவனவன் உலகம். அதற்குத் தலைகொடுப்பதே அறம் எனப் போதிக்கப்பட்ட மண்ணிலே, எட்டப்பனும் தன் பாளையத்துக்கு உண்மையாகத்தானே நடந்துகொண்டான்! கூட்ட விசுவாசமே அறமென்றால் அவனையும் போற்றியாக வேண்டும். போற்ற மனம் வருகிறதா? வரவில்லையெனில், விசுவாசத்தை எடைபோட வேறொரு தராசு வேண்டும்.

காவல் முறையைப் பாருங்கள். ஊர்ப் பொருள் களவுபோனால் மீட்டுத் தருவது காவற்காரன் கடமை. அதற்குக் கூலி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாளையக்காரரின் தேசக்காவல் அயலூர்களுக்கும் நீண்டபோது, கூலி கொடாத ஊரைக் காவற்காரனே கொள்ளையிட்டான். தன் கூட்டத்துக்குள் நேர்மை, வெளியே சூறை. இரண்டையும் செய்தது ஒரே கை.

அந்தக் கையிலேதான் இன்று வண்ணக் கயிறு. நீதிநாயகம் சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்கலாம், கத்தரிக்கோல் போதும். “நம்மாளைக் காட்டிக் கொடுக்காதே” என்று தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டதை எதைக் கொண்டு அறுப்பது?

எட்டையபுரத்தார் பெற்றது நிலம். என் மாணவன் பெற்றது என்ன? ஆதாயம் இன்றி, அடிவிழும் என்று அறிந்தும், எதிர்த்தெருப் பிள்ளையின் உயிரையும் தன் உயிர்போல் எண்ணி வாய் திறந்தான். இதை மறுநாள் வகுப்பிலே சொன்னேன். சிலர் கேட்டனர், சிலர் சன்னலுக்கு வெளியே பார்த்தனர். அவன் மட்டும் எழுந்து, “சார், அப்போ நான் செஞ்சது தப்பில்லையே?” என்றான்.

“இல்லை” என்றேன்.

மறுவாரம் அவன் தந்தை மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். “ஒங்களுக்கென்ன சார், நாங்க அந்தத் தெருவுலல்லா இருக்கணும். தல காட்ட முடியல” என்றார். எவ்வளவோ வாதாடினேன், சான்றிதழை வாங்கிக்கொண்டு, மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். கத்தி கொணர்ந்த பையன் இன்னமும் என் வகுப்பில்தான் இருக்கிறான், மூன்றாவது வரிசையில்.