வேண்டாம் என்பதற்கு ஒரு ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 38 என்று வந்த அன்றுதான் என் 'வேண்டாம்' வீட்டில் செல்லுபடியானது. அதற்கு முன் ஒன்றரை வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் கணவர். சொன்னேன். எண்ணாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சின்னச் சுரப்பி. அது சுணங்கும்போது மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி, டி.எஸ்.எச்.சைக் கூடுதலாக அனுப்பி அதை வேலை வாங்கப் பார்க்கிறது. நான்கு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண் அதனால்தான் ஏறுகிறது. களைப்பு, எடை கூடுதல், முடி உதிர்வு, அதிக ரத்தப்போக்கு என்று நீளும் அறிகுறிகளில் காம வேட்கை குறைவதும் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வரும் நோய் இது. டாக்டர் முடியைப் பற்றிக் கேட்டார், மாதவிடாயைப் பற்றிக் கேட்டார். இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவர் கேட்டார். "சரியாகிவிடும்" என்ற பதிலையும் அவரே வாங்கி வந்தார். என் உடம்பில் குறைந்தது, அவருடைய நஷ்டமாகக் கணக்கில் ஏறியது.

அந்த ரிப்போர்ட் எனக்கும் நிம்மதியைத்தான் தந்தது என்பதை மறைக்க மாட்டேன். தலைவலி, பிள்ளை விழித்துக்கொள்வான், நாளைக்குச் சீக்கிரம் எழ வேண்டும், கிருத்திகை விரதம் என்று எத்தனை காரணங்களைத் தேடியிருப்பேன்! சாமி தந்த காரணங்களைவிட லேப் தந்த காரணம் உறுதியாக இருந்தது. குற்றவாளி நானில்லை, சுரப்பி.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. ஆறு வாரத்தில் மறு பரிசோதனை, அளவைக் கூட்டி இன்னொரு பரிசோதனை. எண் 2.6-க்கு இறங்கியது. களைப்பு குறைந்தது, மாடிப்படி ஏற முடிந்தது. வேட்கை மட்டும் திரும்பவில்லை. "இப்போ எல்லாம் நார்மல்தானே?" என்று கணவர் கேட்ட இரவில்தான் புரிந்தது: நான் வாங்கியது உரிமையல்ல, விடுப்பு. மருத்துவச் சான்றிதழின் தேதி முடிந்துவிட்டது.

காரணம் கேட்பவர், அதை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ள இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். காரணம் உண்மையா பொய்யா என்பது அடுத்த கேள்வி. என் தைராய்டு உண்மை. ஆனால் அதைக் காட்டி அனுமதி பெற்றபோதே, நோயில்லாத நாளில் மறுக்க முடியாது என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். சட்டமும் இதே மொழியில்தான் பேசுகிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவு, 'நியாயமான காரணமின்றி' துணையை விட்டு விலகியவரைச் சேர்ந்து வாழச் சொல்லும் வழக்குக்கு இடம் தருகிறது; காரணத்தை நிரூபிக்கும் சுமை விலகியவர் தலையில். 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவும், 18 வயது நிறைந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவை வன்புணர்வு என்ற வரையறையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

அப்படியானால் வேட்கை போனால் போகட்டும் என்கிறேனா? இல்லை. எனக்கு அது வேண்டும். அது என்னுடையது. மழை பெய்யும் மதியத்தில் காரணமில்லாமல் உடம்பு விழித்துக்கொண்ட நாட்களை நினைத்து ஏங்குகிறேன். அடுத்த முறை டாக்டரிடம் நானே தனியாகப் போய், நானே கேட்பேன். அது என் இழப்புக்கான வைத்தியம். அவருக்கு நான் செலுத்த வேண்டிய பாக்கிக்கான வைத்தியம் அல்ல. இரண்டுக்கும் ஒரே மாத்திரை என்று நினைத்ததுதான் எங்கள் இருவரின் தவறு.

அன்றிரவு, "நார்மல்தான். ஆனா எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

பழக்கத்தில் மனம் காலண்டரைத் தேடியது. நாளைக்கு என்ன கிழமை என்றுகூடப் பார்த்தேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விளக்கை அணைத்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.