நாற்பது பேரில் ஒருவன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்னர், எங்கள் தக்கியாவின் மௌலவி ஒரு பாடசாலைக் கொப்பியைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். ஐவேளைத் தொழுகை மட்டும் நடக்கின்ற சிறிய தக்கியா அது. ஜும்ஆவுக்கு ஊரின் பெரிய பள்ளிவாசலுக்கு இரண்டு கிலோமீற்றர் போக வேண்டும். வயதானவர்களுக்கு அந்த ஏற்றம் சிரமம். ஆகவே தக்கியாவிலேயே ஜும்ஆவை ஆரம்பித்தால் என்ன என்ற யோசனை ஒரு வருடமாகவே பேசப்பட்டு வருகின்றது.

ஷாபிஈ மத்ஹபின்படி ஜும்ஆ நிறைவேற நாற்பது பேர் வேண்டும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாற்பது பேரும் யார் என்பதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. பருவமடைந்த ஆண்களாக இருந்தால் மட்டும் போதாது. ஓர் ஊரில் சில நாட்கள் தங்க நினைத்தவர் முகீம். கோடையிலோ மாரியிலோ, தேவைக்கன்றி அவ்வூரைவிட்டு நீங்காதவரே முஸ்தவ்தின். நாற்பது பேரும் முஸ்தவ்தின்களாக இருக்க வேண்டும். மௌலவி வீடு வீடாகப் போய் எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் பகுதியில் ஆண்கள் 51 பேர். அவர்களில் 14 பேர் என்னைப் போல அன்றாடம் கொழும்புக்குப் போய் வருபவர்கள். மிச்சம் 37.

"சட்டப்படி நீங்க இந்த ஊர் ஆள்தான். அதுல பிரச்சினையில்ல. ஆனா வெள்ளிக்கிழம பன்னெண்டரைக்கு நீங்க இங்க ஈக்க மாட்டீங்களே" என்றார் மௌலவி, சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். தேநீர் கொடுத்தேன். ஆனால் அன்று தொட்டு அந்த வார்த்தை என்னோடு ரயிலில் வந்துகொண்டிருக்கிறது.

காலை ஐந்தரைக்கு வேயங்கொடை ரயில் நிலையத்தில் நிற்பேன். அங்கிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 37 கிலோமீற்றர். இந்தப் பாதை எங்களுக்கென்று போடப்பட்டதல்ல. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. இப்போது கோப்பிக்குப் பதிலாக எங்களை இறக்குகின்றது. ஸபர் என்று கொள்வதற்கு ஷாபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேண்டும். எனது பயணம் அதில் பாதிதான். எனவே நான் முஸாபிருமல்ல. கசுறும் இல்லை, ஜம்உம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளியில் ஆயிரக்கணக்கானோரில் ஒருவனாக நிற்கிறேன். அங்கே என்னை எவரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய தேவையுமில்லை.

நாங்கள் ஏன் இங்கு வந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அழகைத் தேடி வந்தவர்களல்ல நாங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வாப்பாவைக் கதிரையோடு தூக்கி அயல் வீட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோனோம். அடுத்த வருடம் ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணோடும் குப்பையோடும் புதைந்து போனார்கள். அது எங்களுக்கு எட்டாத இடமல்ல. அதற்குப் பின்னர் வாப்பா ஒரே பேச்சாக இருந்தார். "எங்கயாச்சும் மண் ஈக்கிற இடத்துக்குப் போவோம்." திணைக்கள வேலையை விட முடியாது, மகளின் படிப்பை விட முடியாது. மண்ணும் வேண்டும், கந்தோரும் வேண்டும். ரயில் பாதை வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் ஊரைத் தேடினோம். ஒரு மணித்தியாலத்துக்குள் கோட்டையை அடையக்கூடிய ஊர். இப்போது யோசிக்கும்போது, நாங்கள் ஊரைத் தேடியிருக்கவில்லை, தூரத்தைத் தேடியிருக்கிறோம்.

2018 இல் பதினைந்து பேர்ச் காணி வாங்கினோம். இரண்டு பலாமரங்கள், ஒரு கிணறு, பின்னால் இறப்பர் தோட்டம். வேலி அடைத்து முடிந்த பின்னரே விடயம் தெரிய வந்தது. பக்கத்து வளவிலிருக்கும் நானாவின் இளைய மகன் அந்தத் துண்டை வாங்குவதற்கு இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருக்கிறான். வாப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது அவனது எண்ணம். வெல்லம்பிட்டி வீட்டை விற்ற காசோடு நாங்கள் வந்தோம். தரகர் சொன்ன விலை எங்களுக்கு மலிவாகத் தெரிந்தது. அவனுக்கு அது எட்டவில்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உறுதி சுத்தமானது. காணி விற்பனையில் முன்னுரிமை கோரும் ஷுப்ஆ என்ற உரிமையை ஹனபிகள் அயலவனுக்கும் கொடுக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் அது கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உரியது. எனது மத்ஹப் எனக்கு வசதியாகவே அமைந்துவிட்டது. அதிவேகப் பாதை பற்றிய பேச்சு வந்த பிறகு தரகர்கள் இன்னும் பலரைக் கூட்டி வந்தார்கள். அவன் இன்று தன் மனைவியின் ஊரில், நான்கு மைல் தள்ளி, வாடகைக்கு இருக்கிறான்.

நானா இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குச் சொன்னவர் கடைக்காரர்.

கிராமத்தைப் பற்றி இப்னு கல்தூன் எழுதியவற்றை நகரத்தில் இருந்தபோதுதான் வாசித்தேன். நாட்டுப்புறத்து வாழ்க்கையை உடையவர்கள் நன்மைக்குக் கிட்டியவர்கள் என்று அவர் முகத்திமாவில் சொல்வது, நாறிய கான்களுக்கு மத்தியிலிருந்து வாசித்த எனக்கு மிகவும் இனித்தது. இங்கு வந்த பின்னர்தான் அதனோடு சேர்ந்த மற்ற விடயம் கண்ணில் பட்டது. நகரத்தவர்கள் தங்களது பாதுகாப்பை மதிலிடமும் ஆட்சியாளரிடமும் ஒப்படைத்துவிட்டு நித்திரை கொள்கிறார்கள், நாட்டுப்புறத்தவர்கள் தாங்களே விழித்திருக்கிறார்கள் என்கிறார் அவர். வித்தியாசம் காற்றிலோ தண்ணீரிலோ இல்லை, யார் விழித்திருப்பது என்பதில் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையே இதற்குள் வருகின்றது. 1375 இல் அரசியலை விட்டு விலகி இப்னு ஸலாமாவின் கோட்டைக்குப் போய் ஏறத்தாழ நான்கு வருடங்கள் இருந்தார். 1377 இல் முகத்திமாவை அங்கேதான் எழுதி முடித்தார். பின்னர் நூல்கள் தேவைப்பட்டதால் தூனிஸ் நகரத்துக்குத் திரும்பினார். நானும் அப்படித்தானே என்று சில நாட்கள் ஆறுதல் பட்டேன். ஆனால் அவர் போனபோது கோட்டையை விட்டுவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே சட்டைப்பையில் பருவச்சீட்டாக வைத்திருக்கவில்லை.

விழித்திருப்பது யார் என்ற கேள்விக்கு எனக்கு 2019 இல் பதில் கிடைத்தது. ஏப்ரல் 21 க்குப் பின்னர் நாடே எங்களை வேறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம். மே 13, திங்கட்கிழமை, நோன்பு. குருநாகல் மாவட்டத்துச் செய்திகள் பகலிலேயே கந்தோருக்கு வந்துவிட்டன. அரைநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தேன். தக்கியா முற்றத்தில் ஆண்கள் கூடி, இரவுக் காவலுக்கு யார் எந்தச் சந்தியில் நிற்பது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனது பெயரையும் ஒருவர் சொன்னார். நான் தலையசைத்தேன். அதன் பின்னர் வீட்டுக்கு வந்து, மனைவியையும் மகளையும் வாப்பாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு தெஹிவளையில் எனது தாத்தாவின் வீட்டுக்குப் புறப்பட்டேன். கடவத்தையைத் தாண்டும்போது வேனுக்குள்ளேயே பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். வாப்பா வழி நெடுகிலும் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. எங்களிடமிருந்து அது தூரமில்லை. நான் அதைத் தெஹிவளையில் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது வீட்டு முன்விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. இருட்டான வீட்டுக்குக் கல்லெறிய யோசிக்க மாட்டார்கள் என்று நானா வெளிச் சுவிட்சைப் போட்டு விட்டிருக்கிறார். "மின்சார பில் கூடி வந்தா என்னோட சண்டைக்கு வராதீங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

குடும்பத்தைப் பாதுகாப்பது என் கடமை என்று நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யுமல்ல. சந்தியில் நின்ற அத்தனை பேருக்கும் அதே கடமை இருந்தது. அவர்களுக்குத் தெஹிவளை இருக்கவில்லை. நகரத்துக்கு எட்டிய தூரத்தில் வாழ்வது என்பதன் பொருளை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அது வேலைக்குப் போகும் வசதி மட்டுமல்ல. ஊருக்கு ஒரு கஷ்டம் வரும்போது திறந்துகொள்ளக்கூடிய பின்கதவு. அந்தக் கதவு இருப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவு உள்ளவனும் இல்லாதவனும் ஒரே ஸப்பில் நிற்பதாகச் சொல்வதற்கு இப்போது எனக்கு நாக்கு எழுவதில்லை.

சாதாரண நாட்களிலும் இதுவேதான், சத்தமில்லாமல். ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது எல்லாம் பர்ளு கிபாயா. சிலர் செய்தால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கிவிடும். மிகவும் இரக்கமான சட்டம் அது. எல்லோரும் எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் 'சிலர்' எப்போதும் அதே சிலராகவும், 'மற்றவர்கள்' எப்போதும் அதே மற்றவர்களாகவும் ஆகிவிட்டால் அதற்கு என்ன பெயர்? பாவமில்லை என்று எந்த மௌலவியும் சொல்வார். நான் கேட்பது பாவத்தைப் பற்றியல்ல. இங்கு வந்து ஏழு வருடங்கள் கடந்துவிட்டன. இவ்வூரில் ஒரு கபுறுக்கும் நான் மண்வெட்டி பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மௌத்தானவர்களை மட்டுமே நான் சுமந்திருக்கிறேன்.

வாப்பா 2023 இல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மௌத்தானார். எனக்கு அழைப்பு வந்தபோது ஒரு கூட்டத்தில் இருந்தேன். ரயில் கிடைத்து, வீடு வந்து சேர நாலரையாகிவிட்டது. குளிப்பாட்டி, கபனிட்டு, சந்தூக்கும் வாசலுக்கு வந்திருந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு எனக்காக மட்டும் காத்திருந்தார்கள். மையவாடிக்குப் போனபோது கபுறின் ஓரத்தில் சேறு பூசிய காலோடு நின்றவன் நானாவின் இளைய மகன். செய்தி கேட்டு நான்கு மைல் தொலைவிலிருந்து வந்து வெட்டியிருக்கிறான். வாப்பா கேட்ட மண்ணைத் தோண்டிக் கொடுத்தவன், அந்த மண்ணில் ஒரு துண்டு கிடைக்காமல் போனவன். கொவிட் காலத்தில் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதையும், 2021 பெப்ரவரியில் அது நிறுத்தப்படும் வரை நாம் பட்ட பாட்டையும் மறக்காத எவருக்கும், ஒரு கபுறு என்பது என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

நகரத்தைவிட்டு விலகிப் போனவர்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருபவர் அபூதர் (ரலி) அவர்கள். மதீனாவை விட்டு ரபதாவில் தனித்திருந்து, ஹிஜ்ரி 32 இல் அங்கேயே மௌத்தானார்கள். அடக்குவதற்கு ஆளில்லாத அந்த இடத்தில், வழிப்போக்கர்களாக வந்த இப்னு மஸ்ஊத் (ரலி) முதலானோர் தொழுவித்து அடக்கியதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். எனக்கு அந்தத் தனிமையின் அச்சம் இல்லை. எனக்கு ஒரு ஊரே இருக்கிறது. ஊருக்குத்தான் நான் இல்லை.

இதற்கு மறுபக்கம் இல்லாமலில்லை. இவ்வூரிலே பிறந்தவர்களில் எத்தனை பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள்! மௌலவியின் கொப்பியில் அவர்கள் 51 க்குள்ளேயே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகின்ற அவர்களை ஊர் மைந்தர்கள் என்கிறோம், ஒவ்வோர் இரவும் இங்கு உறங்குகின்ற என்னை 'கொழும்பார்' என்கிறோம். இது நியாயமா என்று மனைவி கேட்கிறாள். தக்கியாவின் கூரைத் தகடுகளுக்கு அதிகம் கொடுத்தவர்கள் போய் வருகிற நாங்கள்தான் என்பதையும் அவள் ஞாபகப்படுத்துவாள். உண்மைதான். ஆனால் கட்டாரில் இருப்பவனின் உம்மா இங்கே இருக்கிறாள். அவன் அனுப்புவது காசு மட்டுமல்ல, பிணை வைத்துவிட்டும் போயிருக்கிறான். நாங்கள் வரும்போது எல்லாவற்றையும் கூடவே கொண்டு வந்தோம், கொண்டு போகக்கூடிய விதமாகவே வைத்தும் இருக்கிறோம்.

2022 ஜூனில் எரிபொருள் இல்லாமற் போய், பயிர் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தருவதாக அறிவித்தார்கள். நாடு பசியில் இருந்த அந்த வெள்ளிக்கிழமைகளை நான் இப்படிச் சொல்வது பிழையாகத் தெரியலாம், ஆனால் நான் இவ்வூரில் வாழ்ந்தது அப்போதுதான். காலையில் நானா மரவள்ளித் தடி நடக் காட்டித் தந்தார். நான் நட்டவற்றில் பாதியைத் தலைகீழாக நட்டிருப்பதாகச் சொல்லிப் பிடுங்கித் திருப்பி நட்டார். பதினொன்றரைக்கு இருவரும் குளித்துவிட்டு அந்த இரண்டு கிலோமீற்றரையும் நடந்தோம். ஏற்றத்தில் மூன்று இடங்களில் அவர் மூச்சு வாங்க நின்றார். தக்கியாவில் ஜும்ஆ ஏன் வேண்டும் என்பது எனக்கு அந்த ஏற்றத்தில்தான் தெரிந்தது. பின்னர் ரயில்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. நானும் ஓடத் தொடங்கினேன்.

கம்பஹாவில் ஒரு கந்தோருக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்டால் கிடைக்கக்கூடும். அங்கிருந்து வெள்ளிக்கிழமை பகல் இடைவேளைக்கு வந்து போகலாம். கிடைக்க வேண்டிய பதவி உயர்வு ஒன்று கைநழுவும். மகளின் உயர்தர வகுப்புகள் கொழும்பில், தினமும் என்னோடுதான் ரயிலில் வருகிறாள். அவளை யார் கூட்டிப் போவது? விண்ணப்பப் படிவம் பையில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. பக்கங்கள் மடங்கிவிட்டன.

அன்று மௌலவி எழும்பும்போது கொப்பியில் எனது பெயரை எழுதினார். பெயருக்கு நேரே வெள்ளிக்கிழமை என்று ஒரு நிரல் இருந்தது. மற்றவர்களுக்குச் சரி அல்லது பிழை அடையாளம் போட்டிருந்தார். எனக்கு மட்டும் ஒன்றும் போடாமல், "நீங்களே பாத்துப் போடுங்க, அவசரமில்ல" என்று கொப்பியை வைத்துவிட்டுப் போனார். வருகின்ற ஞாயிறு அஸருக்குப் பின் வந்து எடுத்துக்கொள்வாராம். நானாவின் பெயர் அதற்கு முந்திய வரியில் இருக்கிறது. சரி என்று போட்டு, பக்கத்தில் பென்சிலால் சிறியதாக எழுதியிருக்கிறார்: நடக்க ஏலாது.