நடுநிலையும் அளவும்: காபரேற்றர் தரும் ஒரு சிந்தனை

அளவறிந்து வாழ்தல் வேண்டும் என்று கூறாத அறநூல் இல்லை. உணவும் உழைப்பும் அளவில் நிற்க வேண்டுமென்பதை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உணர்த்தினார். முறுகக் கட்டிய நரம்பும் தளரக் கட்டிய நரம்பும் இசை தாரா எனப் புத்தர் சோணருக்கு விளக்கினார். அரிஸ்டோட்டில் நற்பண்பையே இரு கோடிகளுக்கு இடைப்பட்டதென வரையறுத்தார். ஆயினும் அந்த அளவு எது, அதனை எவ்விடத்தில் நின்று வகுப்பது என்னும் வினா எளிதில் விடைபெறுவதன்று. எல்லோர்க்கும் ஒரே அளவை விதிப்பதே நீதி என்பாரும், ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப அளவு மாறவேண்டும் என்பாரும் உளர். இவ்வழக்கில் பழைய மோட்டார் வண்டியொன்றின் இயந்திரமும் சாட்சி சொல்லக்கூடும்.

1948 இல் இலண்டனில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட மொறிஸ் மைனர், இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடிய வண்டி. 1977 க்கு முன்னைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே மக்கள் பயன்படுத்தினர். அதன் காபரேற்றர் செய்யும் தொழில் ஒன்றே: பெற்றோலையும் காற்றையும் தக்க விகிதத்திற் கலந்து இயந்திரத்துக்கு அளித்தல். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோல் மிகுந்தால் கரும்புகை எழும். பிளக்கிற் கரி படியும். பெற்றோல் குறைந்தால் இயந்திரம் சூடேறும், வால்வுகள் கருகும். காபரேற்றரின் அடியிலுள்ள சிறு நட்டைத் திருகியே மெக்கானிக் இக்கலவையைத் திருத்துகிறார்.

கொழும்பிற் செவ்வனே திருத்தப்பட்ட அத்தகைய வண்டியொன்று கம்பளை, புசல்லாவை கடந்து, கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தோன்ற இறம்பொடை வளைவுகளில் ஏறுவதாகக் கொள்வோம். நட்டை எவரும் தொடவில்லை, ஊசியும் மாறவில்லை. ஆனால் காற்று மாறிவிடுகிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே கொழும்பிற் சரியாயிருந்த அதே திருத்தம் மலையிற் பெற்றோல் மிகுந்த கலவையைத் தருகிறது. இயந்திரம் திணறுகிறது, புகை கக்குகிறது. வண்டியோட்டி கண்ணாடியை மூடிக்கொள்ளலாம். அப்புகையைச் சுவாசிப்போர், கொழுந்துக் கூடையைச் சுமந்து வீதியோரம் நடக்கும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளுமே.

ஈண்டு ஓர் உண்மை புலனாகின்றது. சரியான அளவு நட்டின் நிலையில் இல்லை. கலவையின் விகிதத்திலேயே உள்ளது. நட்டு மாறாதிருத்தல் வேறு. நீதி மாறாதிருத்தல் வேறு. விகிதம் மாறாதிருக்க வேண்டுமாயின் நட்டு மாறியே தீரவேண்டும். மைலோ என்னும் மல்லனுக்குப் போதாத உணவு பயிற்சி தொடங்குவோனுக்கு மிகையாகும் என்று அரிஸ்டோட்டில் கூறியதன் கருத்தும் இதுவே.

மலையகத்தின் வரலாறு இவ்வுண்மையைத் துயரத்தோடு மெய்ப்பிக்கின்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், சட்டம் நடைமுறைக்கு வருமுன் இந்நாட்டிற் பிறந்தவர் பிரசையாவதற்கு அவருடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது. ஏட்டளவில் அது அனைவர்க்கும் ஒரே விதி. ஆனால் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்து, முன்னோர் பிறப்பை நிறுவும் பத்திரம் கைக்கொண்டிராத தோட்டத் தொழிலாளருக்கு அது நாட்டுரிமையையே மறுத்தது. அறிந்தே அவ்வாறு வகுக்கப்பட்டது என்பார் பலர். அது எவ்வாறாயினும், ஒரே எழுத்து ஒரே நீதியாகாது என்பது தெளிவு. அவ்விதியின் விளைவுகளைத் துடைத்தற்கு 2003 ஆம் ஆண்டில்கூட வேறொரு சட்டம் வேண்டியிருந்தது.

இடத்துக்கேற்ப அளவு மாறலாம் எனின், அவரவர் விருப்பமே அளவாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. நட்டு எவ்வளவு திரும்பினும் 14.7 என்னும் இலக்கு எவர் விருப்பத்துக்கும் வளைவதில்லை. மேலும், மலையிற் செய்த திருத்தத்தோடு வண்டி கொழும்புக்கு இறங்குமாயின் கலவையிற் பெற்றோல் குறைந்து இயந்திரம் வெம்மையுறும். ஆகவே சிறப்பாக வழங்கிய திருத்தமும் நிலைமை மாறும்போது மீண்டும் நோக்கப்படவேண்டும். நிலையான இலக்கும் நெகிழும் வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அவ்விலக்கை எய்தியதை அறிவது எங்ஙனம்? மொறிஸ் மைனரின் காபரேற்றரில் உள்ள பிஸ்டனை மெக்கானிக் சிறிதளவு உயர்த்திவிட்டு இயந்திரத்தின் ஒலியைக் கேட்கிறார். வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெற்றோல் மிகை; இயந்திரம் தளர்ந்து நின்றால் பெற்றோல் குறைவு; கணநேரம் சற்றே கூடிப் பின் அடங்கினால் கலவை சரி. அவர் தம் கருத்தை இயந்திரத்தின்மேல் ஏற்றுவதில்லை; அது கூறும் விடைக்குச் செவிசாய்க்கிறார். அத்தோடு அமையாது, புகைக்குழாயின் பின்புறத்தையும் சென்று நோக்குபவரே நல்ல மெக்கானிக். ஏனெனில் ஓட்டுபவர்க்கு இதமாயிருப்பது பின்னால் வருவோர்க்கு நஞ்சாக இருத்தல் கூடும்.

புதிய வண்டிகளில் மின்னணுக் கருவிகள் காற்றை அளந்து கலவையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. மனிதர் ஆக்கும் சட்டத்துக்கு அத்தகைய கருவி எதுவும் இல்லை. அதனைத் திருத்துவதற்கு இன்றும் மனிதச் செவிகளே வேண்டும். சமவெளியில் அமர்ந்து விதி வகுப்போர் மலையின் காற்றையும் அறிதல் வேண்டும். அக்காற்றைச் சுவாசிப்போரின் குரலைக் கேட்ட பின்னரே தம் அளவு சரியானதென்று கூறும் உரிமையை அவர்கள் பெறுவர்.